உடம்பில்லாத பெட்டி

பி.காம். படித்தவர்களுக்குக் கம்பெனி சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. முதல் வகுப்பிலேயே வாத்தியார் வந்து, கம்பெனி என்பது ஒரு செயற்கை மனிதன் என்பார். உடம்பு கிடையாது, உயிர் கிடையாது. ஆனால் சொத்து வாங்கலாம், கடன் வாங்கலாம், அடுத்தவன் மேல் கேஸ் போடலாம். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், "சார், அது சாப்பிடுமா?" என்று கேட்கும். எங்கள் வகுப்பிலும் கேட்டது. எல்லா வகுப்பிலும் கேட்டிருக்கும்.

அதற்கு உதாரணமாக ஒரு வழக்கு சொல்வார்கள். சாலமன் என்று ஒரு பூட்ஸ் வியாபாரி. தன் தொழிலைத் தானே ஆரம்பித்த ஒரு கம்பெனிக்கு விற்றார். கம்பெனி நொடித்துப்போனது. சாலமனும் கம்பெனியும் ஒரே ஆள்தானே, அவர் கையிலிருந்து பணத்தை வாங்கிக் கொடுங்கள் என்றார்கள் கடன் கொடுத்தவர்கள் தரப்பில். 1897-ல் லண்டன் பிரபுக்கள் சபை, அப்படியில்லை, இரண்டும் வேறு வேறு ஆள் என்று தீர்ப்புச் சொன்னது. மனப்பாடம் செய்து எழுதி பாஸானோம். நம்பினோமா என்பது வேறு விஷயம்.

உடம்பில்லாத ஆசாமி வேலை பார்ப்பான் என்பதை நான் நிஜமாக நம்பியது பல வருஷம் கழித்து, வியாசர்பாடியில், ஒரு போர்டு வீட்டின் இரண்டாவது மாடியில்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து வடசென்னை தண்ணீரில் நின்றது. கணேசபுரம் சுரங்கப்பாதை வழக்கம்போல் மூழ்கிவிட்டது. அதைப் பற்றி எழுதப் போன இடத்தில் பழக்கமானவன் இந்தப் பையன். இருபத்தாறு வயசு. பேர் எதற்கு, தம்பி என்றே வைத்துக்கொள்வோம். அப்பா டிரெய்லர் டிரைவர், அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லர். அவனும் என்னை மாதிரி பி.காம்.தான். அரசுக் கல்லூரி. படித்து முடித்து, ஒரு நெட்வொர்க் கம்பெனியில் கேபிள் இழுக்கிற வேலைக்குப் போய், இழுத்த கேபிளின் இரண்டு முனையிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே தொழில் கற்றுக்கொண்டவன்.

வியாசர்பாடி என்றால் தெற்கே இருக்கிறவர்களுக்கு ஒரு படம் மனசில் ஓடும். பெரும்பாலும் சினிமா படம். 2014-ல் பா.ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வந்ததே, அதில் கதாநாயகன் காளி ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற போர்டு வீட்டுப் பையன். ஜனங்களுக்குச் சுவர் ஞாபகம் இருக்கிறது, காளியின் வேலை மறந்துவிட்டது. இந்த ஊர் தெருவுக்குத் தெரு கால்பந்து விளையாடுகிற ஊர். 2008-ல் பிரான்ஸுக்குப் போய் கேரம் உலகப் பட்டம் வாங்கி வந்த இளவழகி இந்த ஊர்ப் பெண். இருந்தாலும் தம்பியின் ரெஸ்யூமில் ஊர் 'பெரம்பூர்' என்றுதான் போட்டிருந்தது.

"வியாசர்பாடின்னு போட்டா போன் வரமாட்டேங்குதுண்ணா. பெரம்பூர்னு போட்டா வருது. இன்னா வித்தியாசம்? அடுத்த ஸ்டேஷன்தான்."

அவன் அப்போது கான்ட்ராக்டில் இருந்தான். காலையில் வியாசர்பாடி ஜீவாவில் ரயிலேறி அம்பத்தூர் ஆபீஸ். 2024-ல் அவனுக்கு ஒரு வேலை வந்தது. திருவொற்றியூருக்கு அந்தப் பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்., அதாவது ஹார்பருக்கு வருகிற போகிற கன்டெய்னர்களைப் பிரித்து அடுக்கி வைக்கிற கிடங்கு. அங்கே வை-ஃபையைக் கட்டி மேய்க்கிற பழைய கன்ட்ரோலர் பெட்டிக்கு வயசாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு ஒரு விர்ச்சுவல் கன்ட்ரோலரை வைக்க வேண்டும். சீனியர் இன்ஜினியர் வேலையை விட்டுப் போய்விட்டார். தம்பி தனியாகச் செய்து முடித்தால் பெர்மனென்ட் ஆக்குகிறோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். முடிக்காவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன.

கிடங்கில் வை-ஃபை எதற்கு என்று நினைக்கலாம். நம் வீடு மாதிரி யூடியூப் பார்க்க இல்லை. கேட்டில் நிற்கிறவர், யார்டில் நிற்கிறவர் எல்லோர் கையிலும் ஒரு ஸ்கேனர் இருக்கும். கன்டெய்னர் நம்பரைப் போட்டால்தான் எந்த வண்டி எதை ஏற்றுவது என்று தெரியும். கூரையில் வெள்ளை வெள்ளையாக நாற்பத்திரண்டு ஆக்சஸ் பாயின்ட். இவை ஆளுக்கு ஒரு மூலையில் நிற்கிற டிராபிக் கான்ஸ்டபிள்கள் மாதிரி. நீ இந்தச் சேனலில் பேசு, நீ கொஞ்சம் மெதுவாகப் பேசு, அந்த ஆள் இங்கிருந்து நகர்ந்து போகிறார், அடுத்த கான்ஸ்டபிள் பார்த்துக்கொள் என்று சொல்கிற கன்ட்ரோல் ரூம்தான் கன்ட்ரோலர். கன்ட்ரோலர் படுத்தால் ஸ்கேனர் திணறும். ஸ்கேனர் திணறினால் கேட் நிற்கும். கேட் நின்றால் ரோட்டில் டிரெய்லர் வரிசை நிற்கும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போனவர்களுக்கு அந்த வரிசை தெரியும். டிரைவர்களுக்கு டிரிப்புக்குத்தான் காசு, நிற்கிற நேரத்துக்கு இல்லை. தம்பியின் அப்பா அந்த வரிசையில் ரெண்டு நாள் வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டவர். இதை அவன் என்னிடம் பெரிதாகச் சொல்லவில்லை. வேறு ஏதோ பேசும்போது நடுவில் வந்தது.

இப்போது அந்த உடம்பில்லாத பெட்டிக்கு வருவோம்.

முன்பெல்லாம் கன்ட்ரோலர் என்றால் இரும்புப் பெட்டி. லட்சக்கணக்கில் விலை. இப்போது அது ஒரு ஃபைல். தம்பி கையிலிருந்தது சிஸ்கோவின் 9800-சி.எல். பென் டிரைவில் போட்டுப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். சின்ன அளவைத் தேர்ந்தெடுத்தால் அது கேட்பது நாலு பிராசஸர், 8 ஜி.பி. மெமரி, 16 ஜி.பி. இடம். அதை வைத்துக்கொண்டு 1000 ஆக்சஸ் பாயின்ட், 10,000 கருவிகள் வரை மேய்க்கும். எங்கே உட்கார்ந்து மேய்க்கும் என்றால், ஹைப்பர்வைசர் என்ற ஒன்றின் மேல்.

லைன் வீடு தெரிந்தவர்களுக்கு ஹைப்பர்வைசரைச் சொல்வது சுலபம். ஒரு மனை, ஒரு குழாய், எட்டுக் குடித்தனம். ஹைப்பர்வைசர்தான் ஹவுஸ் ஓனர். ஆனால் பலே ஓனர். ஒவ்வொரு குடித்தனத்திடமும் தனியாகப் போய், "மொத்த வீடும் உங்களுதுதான்" என்று சொல்லி நம்பவைத்திருக்கிறார். இவர் தண்ணீர் பிடிக்கும்போது அவரைத் தூங்கவைப்பார், அவர் பிடிக்கும்போது இவரை. சண்டையே வராது. ஒரு சர்வரில் எட்டு கம்ப்யூட்டர் இருக்கும். எட்டும் தனக்கு உடம்பு உண்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கும். புது யோசனையும் இல்லை. ஐ.பி.எம். 1972-லேயே தன் பெரிய மெஷின்களில் இதை விற்க ஆரம்பித்துவிட்டது. 1998-ல் கலிபோர்னியாவில் ஆரம்பித்த வி.எம்.வேர் கம்பெனிதான் சாதாரண பி.சி.யிலும் சர்வரிலும் இதைப் பரவலாக்கியது.

தம்பி வீட்டில் ஒத்திகை பார்த்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பதினெட்டாயிரத்துக்கு வாங்கிய பழைய சர்வர், 64 ஜி.பி. மெமரி. பரண் மேல் வைத்திருந்தான். ஆன் செய்தால் ரைஸ் மில் மாதிரி சத்தம். "பக்கத்து வூட்ல மாவு அரைக்கிறோமான்னு கேக்கறாங்க சார்" என்றார் அவன் அம்மா.

எனக்குச் சத்தத்தைவிட மீட்டர் கவலை. காமர்ஸ் புத்தி. 150 வாட் என்று வைத்தாலும் நாள் முழுக்க ஓடினால் 3.6 யூனிட், இரண்டு மாசத்துக்கு 216. 2016-ல் அரசாங்கம் கொடுத்த 100 யூனிட் இலவசத்தை இந்தப் பெட்டி ஒன்றே தின்று ஏப்பம் விட்டுவிடும். கேட்டேன். தம்பி சிரித்தான். ராத்திரி எட்டிலிருந்து பன்னிரண்டு வரைதான் ஓட்டுவானாம். 36 யூனிட். முன்னாடியே கணக்குப் போட்டிருக்கிறான். பி.காம். வீண் போகவில்லை.

ஒரு ராத்திரி நானும் கூட உட்கார்ந்திருந்தேன். கன்ட்ரோலரை ஏற்றுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. ஃபைலைக் கொடுத்தால், எந்த அளவு, எந்த நெட்வொர்க்கில் எந்தக் கை என்று கேட்கிறது. மூன்று கை. ஒன்று நிர்வாகத்துக்கு, ஒன்று வயர்லெஸ்ஸுக்கு, ஒன்று தனக்கு ஏதாவது ஆனால் எடுத்துப் பார்க்க வேண்டிய ஜோடிக்கு. பிறகு கறுப்புத் திரையில் எழுத்தாக ஓடி, பெயர் என்ன, நாடு என்ன, முகவரி என்ன என்று கேட்டது. முடிந்தது என்று எழுந்தேன். "உக்காருண்ணா" என்றான்.

பழைய ஆக்சஸ் பாயின்ட் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தான். அது கன்ட்ரோலரைக் கண்டுபிடித்துவிட்டது. ஆனால் சேர மறுத்தது. விளக்கு நிறம் மாறி மாறி மின்னிக்கொண்டே இருந்தது.

"இவனுக்கு பர்த் சர்ட்டிபிகேட் இல்லண்ணா, அதான் சந்தேகப்படுது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரும்புக் கன்ட்ரோலர் ஃபேக்டரியில் பிறக்கும்போதே உள்ளே ஒரு சான்றிதழை வைத்து அனுப்புவார்கள். நான் இன்ன கம்பெனியில் பிறந்தவன் என்பதற்கு அத்தாட்சி. ஆக்சஸ் பாயின்ட் அதைப் பார்த்துத்தான் கை கொடுக்கும். ஃபைலுக்கு ஏது ஃபேக்டரி? பிறந்த இடமே கிடையாது. அதனால் அது தன் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு கட்டளை. கம்பெனிக்குக் கையில்லை, அதனால் அதற்கு காமன் சீல் என்று படித்தோமே, அதே கதை. (அந்த சீலும் கட்டாயமில்லை என்று 2015-ல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள்.) கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். சான்றிதழில் போட்ட தேதி இன்னும் வரவில்லை என்று கடிகாரம் சொன்னால் ஆக்சஸ் பாயின்ட் நம்பாது.

கட்டளையைத் தட்டினான். கொஞ்ச நேரம் மின்னியது. நின்று பச்சையானது. தம்பியின் போனை அதில் சேர்த்ததும் நீலமானது. அம்மா கையிலிருந்த தட்டோடு வந்து பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இவ்ளோ சத்தம்?" என்றார்.

நிஜமான தகராறு கிடங்கில்தான் வந்தது. கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இங்கிலீஷுக்குத்தான் சம்பந்தம். சர்வரில் கன்ட்ரோலருக்கான இணைப்பில் இரண்டு அனுமதி தர வேண்டும். ஒன்றின் பெயர் 'பிராமிஸ்குவஸ் மோட்', இன்னொன்று 'ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ்'. தமிழில் சொன்னால் முதலாவது கண்டவர்களோடும் சகவாசம், இரண்டாவது கள்ளக் கையெழுத்து. இரண்டுக்கும் 'அக்செப்ட்' போட்டுத் தாருங்கள் என்று ஒரு தாளைக் கிடங்கு மேனேஜரிடம் நீட்டினால் அவர் என்ன செய்வார்? நானாக இருந்தாலும் போடமாட்டேன். ஆடிட்டுக்கு யார் பதில் சொல்வது?

பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். விஷயம் அவ்வளவு மோசமில்லை. ஹவுஸ் ஓனர் லைன் வீட்டுக்கு வருகிற தபாலை அந்தந்தப் பெயருக்கு மட்டும்தான் கொடுப்பார். மூன்றாம் நம்பர் வீட்டுக்காரர் வெளியே அனுப்பும் கடிதத்தில் அனுப்புநர் என்று வேறு பெயர் இருந்தால் கிழித்துப் போட்டுவிடுவார். நல்ல பாதுகாப்புதான். ஆனால் அந்த மூன்றாம் நம்பரில் இருப்பவர், எழுதப் படிக்கத் தெரியாத தெருவுக்கே லெட்டர் எழுதிக் கொடுக்கிறவர் என்றால்? அவருக்குப் பத்துப் பேர் பெயரில் தபால் வரும், பத்துப் பேர் பெயரில் போகும். கன்ட்ரோலர் அந்த ஆள். ஸ்கேனர்களுக்கு வருவதை வாங்கி, அவை அனுப்புவதை அவற்றின் பெயரிலேயே அனுப்ப வேண்டும். அனுமதி இல்லையென்றால் எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும், தபால் மட்டும் போகாது.

தம்பி இதையே சொல்லியிருக்கிறான். அவன் ஆயா தெருவில் அப்படி ஒருத்தர் இருந்தாராம். மேனேஜர் யோசித்து, "அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் கொடுத்தா போதுமா, மொத்த லைனுக்கும் கொடுக்கணுமா?" என்று கேட்டாராம். சரியான கேள்வி. ஒரு வீட்டுக்கு மட்டும் போதும். அந்த ஓர் இணைப்புக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு வேறு கவலையும் இருந்தது. வி.எம்.வேரை பிராட்காம் என்ற பெரிய கம்பெனி 2023 நவம்பரில் வாங்கி முடித்தது. டிசம்பரிலேயே ஒருதரம் காசு கொடுத்துக் காலத்துக்கும் வைத்துக்கொள்கிற லைசன்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். இனி வாடகைதான், அதுவும் ஒரு பிராசஸருக்குக் குறைந்தது 16 கோர் என்று கணக்கு. சொந்த வீட்டுக்காரரைக் குடித்தனக்காரர் ஆக்கிய கதை. 2024 பிப்ரவரியில், இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த சின்ன ஹைப்பர்வைசரையும் எடுத்துவிட்டார்கள். பெரிய கம்பெனிகளுக்கு அது ஒரு பொருட்டில்லை. இலவசத்தை வைத்திருந்தவர்கள் யார்? தம்பி மாதிரி பரண்மேல் சர்வர் வைத்துப் பழகுகிறவர்கள்.

"போட்டது ஓடும்ணா, நிக்காது. ஆனா புதுசா ஒருத்தன் கத்துக்கணும்னா அவனுக்குக் கதவு மூடிட்டாங்கல்ல" என்றான். ஒரு வாரம் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தான். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்ஸோடு வருகிற கே.வி.எம்.முக்கு மாறினான். 2007-லிருந்து லினக்ஸுக்குள்ளேயே இருக்கிற ஹைப்பர்வைசர் அது. லைசன்ஸுக்குக் காசில்லை, நாளைக்கு எடுத்துவிட ஓனரும் இல்லை. சிஸ்கோ ஃபைல் அதிலும் ஓடும். நான் பார்த்த ஒத்திகை அதில் நடந்ததுதான்.

மாற்றுகிற ராத்திரி ஒரு சனிக்கிழமை. பன்னிரண்டிலிருந்து நாலு வரை கேட்டை மூடித் தந்தார்கள். பத்துப் பத்தாக ஆக்சஸ் பாயின்ட்களைப் புது கன்ட்ரோலருக்கு அனுப்பினான். ஒவ்வொன்றும் போய்ச் சேர்ந்து, அதற்கேற்ற சாஃப்ட்வேரை இறக்கிக்கொண்டு, அணைந்து மறுபடி எரிய வேண்டும். அந்த அணைந்திருக்கிற நிமிஷங்கள்தான் வயிற்றைக் கலக்கும் என்றான். மூன்று மணிக்கு நாற்பத்தொன்று வந்துவிட்டது. ஒன்று வரவில்லை. சான்றிதழைப் பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான், கள்ளக் கையெழுத்தைப் பார்த்தான். கடைசியில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் கேபிளை எலி கடித்திருந்தது. ஆரம்பத்தில் கேபிள் இழுத்த பையன் ஆயிற்றே, பத்து நிமிஷத்தில் புது முனை அடித்துவிட்டான். நாலு மணிக்குக் கேட்டைத் திறந்தார்கள். முதல் ஸ்கேனர் முதல் நம்பரைப் படித்தது. வெளியே ஏழெட்டு டிரெய்லர்தான் நின்றன. அதில் அப்பா வண்டி இல்லை. "இருந்தா சினிமா மாதிரி இருந்திருக்கும்ல?" என்றான்.

அடுத்த மாசம் பெர்மனென்ட் லெட்டர் வந்தது. அதில் முகவரி எழுதும்போது எச்.ஆர். பெண் ஆதாரைப் பார்த்து வியாசர்பாடி என்றே போட்டுவிட்டார். இவனும் மாற்றச் சொல்லவில்லை.

2025 ஏப்ரலில் பிராட்காம் அந்த இலவசத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டது. செய்தியைப் பார்த்ததும் தம்பிக்குப் போன் செய்தேன். "பாத்தேண்ணா. நான் மாறிட்டேன், இனிமே இன்னாத்துக்கு" என்றான். பின்னால் ஒரே இரைச்சல். மெஷின் சத்தம் இல்லை, பையன்கள் சத்தம். அதே பிளாக்கில், அடுத்த பிளாக்கில் இருக்கிற காலேஜ் பையன்கள் ராத்திரி எட்டு மணிக்கு வருகிறார்களாம். ஆளுக்கு 8 ஜி.பி.யில் ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஆறு பேருக்கு 48. மீதி ஹவுஸ் ஓனருக்கும் சில்லறைச் செலவுக்கும் சரியாகப் போய்விடுகிறது. ஏழாவதாக ஒரு பையன் ஒரு வாரமாக வந்து பின்னால் நின்று வேடிக்கை பார்க்கிறானாம். சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகிறேன், பழைய மெமரி கார்டு ரெண்டு கிடைத்தால் போதும், நீயும் வருகிறாயா அண்ணா என்று கேட்டான்.